எங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா நாளன்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் பட்டறையில் உட்கார்ந்தே இரண்டு முறை படித்தேன். ஹீமோபிலியா என்கிற, ரத்தம் உறையாத குறை உள்ள குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். என் மகன் இன்றைக்குத் தன் காலில் நடப்பது அந்த மருந்தால்தான். அதற்கு ஏற்பாடு செய்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மருந்துக்கு அப்புறமும் ஒன்று தேவைப்படுகிறது. அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு இப்போது 14 வயது. அவன் தவழ ஆரம்பித்தபோது என் கையாலேயே ஒரு ஜோடி தண்டை செய்து போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு கணுக்காலிலும் வளையமாக நீலம் பாய்ந்திருந்தது. இறுக்கமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக் கழற்றினேன். அப்புறம் முட்டியில், நெஞ்சில், தூக்கும்போது நம் விரல் படுகிற அக்குளுக்குக் கீழே என்று இடம் இடமாகக் கன்றிப்போனது. ஒரு கிளினிக்கில் காட்டினோம். குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "வீட்டுல யாரும்மா அடிக்கிறது?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அவள் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினோராம் மாதத்தில் எழுந்து நிற்கப்போய் விழுந்தான். மேலுதட்டுக்கு உள்பக்கம் சின்னக் கிழிசல். அதிலிருந்து இரண்டு நாள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் நிற்கும், பால் குடித்தால் மறுபடி வரும். வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ரத்தம் எடுத்துச் சோதித்து, ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது, தீவிரமான ஹீமோபிலியா ஏ என்றார்கள். டாக்டர் நல்லவர். வெளியே அறுபது எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தசையில் ஊசி போடக்கூடாது, அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது தாய் வழியாக வருவது, இந்த மூன்றையும் சொன்னார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாய் வழி. அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மற்றதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

என் மனைவியின் ஊர் ஏற்காடு மலை. அவளுடைய அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவளுடைய அம்மாவோடு பிறந்த தம்பி ஒருவர், ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, வெளிக்காயம் எதுவும் இல்லாமல் வயிறு வீங்கி இறந்துபோனார். அந்தக் கதை அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் என் அம்மா, "தெரிஞ்சே மறைச்சுப் பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டாங்க" என்றார். என் அக்காவும் அதையே சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. என் மனதிலும் அதுதான் ஓடியது.

நாலு மாதம் நான் என் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது. சோறு போடுவாள், சாப்பிடுவேன். குழந்தை அழுதால் என்ன என்று கேட்பேன், அவளைப் பார்த்துக் கேட்கமாட்டேன். ஒருநாள் அவள் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் மலையில் இருந்தாள். ஃபேக்டர் மருந்து கீழே சேலத்தில். நான் வாய் திறக்காததால் என் மகன் மருந்தைவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு தள்ளிப்போய் இருந்தான். அந்த இரண்டு மாதத்தில் அவன் தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் பாதி ராத்திரியில் எழுந்து உட்காருகிறேன்.

அன்றைக்கு எங்களிடம் அரை மணி நேரம் யாராவது பேசியிருந்தால் இது நடந்திருக்காது. பேசுவதற்கு என்ன இருந்தது என்பது எனக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே ஒன்று. ஃபேக்டர் 8 தயாரிக்கும் மரபணு அந்த எக்ஸில்தான் இருக்கிறது. ஒன்றில் பிழை இருந்தால் பெண்ணுக்குப் பெரும்பாலும் மற்றொன்று ஈடுகட்டும். ஆணுக்கு ஈடுகட்ட வேறு எக்ஸ் கிடையாது. எந்த எக்ஸ் பிள்ளைக்குப் போகும் என்பது ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி. அதில் அம்மா செய்யக்கூடியது எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததே இல்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது. அந்தக் குடும்பங்களிலும் இந்தத் "தாய் வழி" என்ற சொல் எத்தனை பெண்களை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மாமனாரே இறங்கி வந்து, "மாப்பிள்ளை, பையனுக்காகவாவது" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் போய் அழைத்துவந்தேன். வந்த பிறகும் வீடு பழைய வீடாக இல்லை. ஊசி போடும் நாள்தான் மிகவும் கொடுமை. சின்னக் குழந்தைக்கு நரம்பு கிடைக்காது. நாலு இடம் குத்துவார்கள். கையையும் காலையும் நான்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் மனைவி வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். பேச்சு வந்த பிறகு அவன் முதலில் கேட்டது, "அப்பா, நீ மட்டும் பிடிக்காதப்பா" என்பதுதான். அன்றைக்குப் பட்டறைக்குப் போய் எனக்கு வேலை ஓடவில்லை. பற்ற வைக்கிற இடத்தில் கண் மங்கியது.

மருத்துவமனை பெஞ்சில் ஆத்தூர் பக்கத்து அம்மா ஒருவர் எங்களுக்குப் பழக்கமானார். அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் ஹீமோபிலியா. பெரியவனுக்கு முட்டி மடங்காது, ஃபேக்டர் சுலபமாகக் கிடைக்காத காலத்துப் பிள்ளை. அவர்தான் என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். ஃபேக்டரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது. ஊருக்குப் போனால் ஐஸ் போட்ட டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். பால் பல் ஆடும்போது கையால் பிடுங்கக்கூடாது. எல்லாம் அந்த பெஞ்சில் கற்றதுதான். அவர் ஒருநாள் வராவிட்டால் என் மனைவி தவித்துப்போவாள். அவருடைய குடும்பத்துக்கும் அவரே ஊன்றுகோல். அவருக்கு யார் இருந்தார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பையனுக்கு எட்டு வயது இருக்கும்போது சமூகப் பணி படிக்கும் ஒரு மாணவி களப்பணிக்காக அங்கே வந்தார். வாரத்துக்கு இரண்டு நாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், நோட்டும் பேனாவுமாக வந்து பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, காலையில சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். என் மனைவி அழ ஆரம்பித்தவள் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. எட்டு வருஷமாக டாக்டர், நர்ஸ், சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளிடம் பையனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

அந்தப் பெண் அடுத்த முறை என்னையும் வரச் சொன்னார். ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாகப் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். கொய்யா மரத்திலிருந்து விழுந்த அந்த ஏழு வயதுப் பிள்ளையின் கட்டத்தைக் கறுப்பாக்கினார். என் மகனுடைய கட்டத்தையும் கறுப்பாக்கினார். நடுவில் என் மாமியாருடைய வட்டத்திலும் என் மனைவியுடைய வட்டத்திலும் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். "அக்கா, உங்களுக்கும் இது வந்ததுதான். உங்க அம்மாவுக்கும் வந்ததுதான். யாருக்கும் தெரியாது" என்றார். என் மனைவி அந்தப் புள்ளியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மேலே சொன்ன எக்ஸ் கணக்கெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திரும்பி வரும்போது பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவளுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். அந்த நாலு மாதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "போலாம்" என்றாள்.

அந்த மாணவி எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் அம்மா அப்போதெல்லாம் பேரனுக்கு முட்டி வீங்கினால் எண்ணெய் தடவி உருவிவிடுவார். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பார். உருவினால் ரத்தக் கசிவு கூடும். ஆஸ்பிரினும் புரூஃபனும் அவனுக்கு ஆகவே ஆகாது, ரத்தத்தை இன்னும் இளக்கிவிடும். பாராசிட்டமால்தான் கொடுக்கலாம். நாங்கள் பத்துத் தடவை சொல்லியும் அம்மா கேட்கவில்லை, நாங்கள் சொன்னால் சண்டையாக முடியும். அந்தப் பெண் தரையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "பாட்டி, அவன் வலியில அழுறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு முன்னாடி அவன் போயிடுவானோன்னு பயமா இருக்கு கண்ணு. அந்தப் பயத்துலதான் மருமகளைத் திட்டுறேன்" என்றார். என் அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் பையனுக்கு முட்டி சூடானால் ஐஸ் எடுக்க முதலில் ஓடுவது என் அம்மாதான். கொடுக்கக்கூடாத மாத்திரைகளின் பெயரை அந்தப் பெண் பெரிய எழுத்தில் எழுதி பீரோவில் ஒட்டினார். மஞ்சளாகிப்போய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

படிப்பு முடிந்தது, அவர் போய்விட்டார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அங்கே அப்படி ஒரு பதவியே இல்லையாம்.

அடுத்த நாலாவது வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பையன் ஏழாம் வகுப்பு. மூட்டுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும்போது வீக்கம் வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் என்பான். அந்த நேரத்திலேயே ஃபேக்டர் போட்டால் ஒருநாளில் சரியாகிவிடும். அந்த முறை திங்கட்கிழமை காலையிலேயே அவனுக்கு எறும்பு ஊர்ந்திருக்கிறது. சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து இரண்டு பையன்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். முட்டி தேங்காய் அளவு. ஏன் சாமி சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆடி நோம்பி ஆர்டர் இருக்குதுல்லப்பா. என்னைக் கூட்டிட்டுப் போனா உங்களுக்கு ரெண்டு நாள் கூலி போயிடும்" என்றான்.

மருந்து ஃபிரிட்ஜில்தான் இருந்தது. அவன் சொல்லாததால் அது பயன்படவில்லை. அந்த ஒரு கசிவிலிருந்து இடது முட்டிதான் அவனுக்கு அடிக்கடி படுத்துகிறது. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உள்ளே இருக்கும் சவ்வு தடித்து, அதனாலேயே இன்னும் சுலபமாகக் கசியும் என்று டாக்டர் விளக்கினார். அவன் அப்படி நினைக்கிறான் என்பது பெற்றவர்களாகிய எங்களுக்குத் தெரியவில்லை. எங்களிடம் சொல்லவும் மாட்டான், ஏனென்றால் எங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதுதானே அவன் கவலை. வெளியாள் ஒருவர் மாதம் ஒருமுறை அவனிடம் தனியாக உட்கார்ந்து பேசியிருந்தால் அது வெளியே வந்திருக்கும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவள் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். "தம்பியைப் பார்த்துக்கோ" என்பதைத் தவிர அவளிடம் நாங்கள் பெரிதாக எதுவும் பேசாமலே அவள் வளர்ந்துவிட்டாள். வயதுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவளுக்கு எட்டு ஒன்பது நாள் ரத்தப்போக்கு. சோர்ந்து சோர்ந்து படுப்பாள். உடம்பு சூடு என்று மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிழையுள்ள எக்ஸைச் சுமக்கும் பெண்ணுக்கும் ஃபேக்டர் அளவு குறைவாக இருக்கலாம், அவளுக்கும் ரத்தம் அதிகம் போகலாம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மாணவி வரைந்த தாளில் என் மகள் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி இருந்தது. ரொம்ப நாள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்த என் மகளே, "இது என்னம்மா கேள்விக்குறி?" என்று கேட்டாள். அப்புறம்தான் பரிசோதித்தோம். அவளுக்கும் குறைவாகத்தான் இருந்தது. இப்போது அதற்கு மருந்து எடுத்துக்கொள்கிறாள், ரத்த சோகையும் சரியாகி வருகிறது. ஆனால் ஒருநாள் இரவு, "எனக்குக் கல்யாணமே வேண்டாம்பா. என்னால இன்னொரு வீட்டுல அம்மா பட்டதைப் பட முடியாது" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அம்மா பட்டதற்குக் காரணம் நான்தானே.

ஹீமோபிலியா மட்டும் இல்லை. அதே பெஞ்சில் வான் வில்லிபிராண்ட் என்ற ரத்தக் குறை உள்ள ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். அது ஆண் பெண் இரண்டு பேருக்கும் வரும். மாதவிலக்கு நிற்காமல் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும். எங்களிடமும் "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் சொந்தமே இல்லை. ஹீமோபிலியா வருவதற்குச் சொந்தத்தில் கட்டுவது காரணம் இல்லை. அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பிழையான மரபணு வந்து சேர்ந்தால் உண்டாகும் வேறு சில ரத்தக் குறைகளுக்குத்தான் அது காரணமாகலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க ஆள் இல்லாததால், அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றியபடி ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்.

வளர்ந்த ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வயதில் முட்டியும் முழங்கையும் மடங்காமல், நிலையான வேலை இல்லாமல், பெண் கிடைக்காமல், அம்மா கூட்டிவர ஊசி போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் பேசுவதில்லை. என் மகன் அவர்களைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன்.

சட்டத்தில் எங்களுக்கு இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஹீமோபிலியா அதில் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று இருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் கேட்கலாம். அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் ரத்தக் குறைகளைச் சேர்க்கவில்லை. இதெல்லாம் நான் துண்டு துண்டாக, நாலு பேரிடம் கேட்டு, இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டது. சான்றுக்காக முகாமுக்குப் போன அன்று பையனுக்கு முட்டி நன்றாக இருந்தது. "நல்லாத்தானே நடக்கறான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லா நடந்தது ஒரு குற்றம் போல அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பள்ளியில் அட்மிஷனுக்கு, எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

இதற்காகத்தான் கேட்கிறேன். ரத்தக் குறை உள்ளவர்களுக்கு ஃபேக்டர் போடும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மருத்துவ சமூகப் பணி படித்த ஒருவரை நிரந்தரமாக வைக்க வேண்டும். ஊசி போடும் நாளில் அவர் அங்கே இருந்தால் போதும். இது ஆடம்பரம் இல்லை. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், மருத்துவர், செவிலியர், மூட்டு சிகிச்சை தெரிந்தவர், ஆய்வக நிபுணர் இவர்களோடு மனநலத்தையும் குடும்ப நிலையையும் கவனிக்கும் சமூகப் பணியாளரோ உளவியலாளரோ ஒருவரும் சிகிச்சைக் குழுவின் முக்கிய உறுப்பினர் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டமைப்பை 1963இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னேபெல் தானே ஹீமோபிலியா உள்ளவர். அவர் பிறந்த நாளைத்தான் ஏப்ரல் 17 என்று கொண்டாடுகிறோம். ஊசியோடு வேறு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிது இல்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. அங்கே ரத்தம் எடுக்கும் முன்பும் பேசுகிறார்கள், முடிவைச் சொல்லும்போதும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுகிறார். ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் குலைத்துவிடும் என்று அரசுக்குத் தெரிந்திருப்பதால்தானே அந்த ஏற்பாடு? அதே மருத்துவமனையில் வேறொரு கதவுக்குப் பின்னால் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்.

அந்த ஆள் வந்தால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் முதல் வேலை ஒன்றுதான். நோய் தெரியவரும் நாளில் அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச வேண்டும். அம்மாவிடம் மட்டும் இல்லை. மாமியார் வந்திருந்தால் அவரையும் உட்காரவைக்க வேண்டும். அன்றைக்கு எதுவும் மண்டையில் ஏறாது, அதனால் அடுத்த மாதம் மறுபடியும் பேச வேண்டும். ஏற்காட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் பகல் வண்டியைப் பிடிக்கும் முன் பேசிவிட வேண்டும். அக்கா தங்கைகளை மறக்கக்கூடாது. பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசினால், என்னைப் போல யாரும் கண்டபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது.

அதுவரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்று. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். மகள் கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு தெருவில் நின்று நான் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினார். நான் அழுவது முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். ஆண்களும் கூப்பிடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று. வேலூர் சி.எம்.சி.யில் என் மகனைப் போலத் தீவிர ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்ததாகவும், அதன்பின் அவர்களுக்கு ரத்தக் கசிவு ஏற்படவில்லை என்றும் 2024 டிசம்பரில் மருத்துவ இதழில் வெளியானது. என் மகன் அதை ஃபோனில் படித்துவிட்டு, "எனக்கும் செய்வாங்களாப்பா?" என்று கேட்டான். வரும் கண்ணு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வராது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு பிள்ளையிடம் நம்பிக்கையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

போன வியாழக்கிழமை ஊசிக்குப் போயிருந்தோம். புதிதாக ஒரு குடும்பம். பத்து மாதக் குழந்தை, நெற்றியில் புடைத்து நீலமாக இருந்தது. அம்மா பெஞ்சின் ஒரு கோடியில், அப்பா எதிர்ச்சுவரில் சாய்ந்து. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சுவர் தெரியும். நான் போய் அந்தத் தம்பியின் பக்கத்தில் நின்றேன். டாக்டர் தாய் வழி என்று சொன்னாரா என்று கேட்டேன். சொன்னார் அண்ணா என்றார். டீக்கடைக்குக் கூட்டிப்போய் எனக்குத் தெரிந்ததை, எக்ஸ் கணக்கு முதற்கொண்டு, நான் செய்த தப்பு வரைக்கும் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியாது. நான் வெள்ளி வேலை செய்கிறவன். அவர்களுக்கு அடுத்த ஊசி இந்த வியாழக்கிழமை. மறுபடியும் போகிறேன்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். என் மகளுக்காகவும் மகனுக்காகவும் அதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுப் பட்டறைத் தொழிலாளி,
செவ்வாய்பேட்டை, சேலம்.